படைக்கலமும் நடுநிலையும்
(பலர் கூடியாடும் போர் விளையாட்டுக்கள் பற்றிய ஓர் ஆய்வு)

விளையாட்டு என்பது தோல்வியை மனமுவந்து ஏற்றற்குரிய பயிற்சியாகும். வென்றவன் மகிழ்வது இயல்பு. அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. தோற்றவன் வென்றவனை மதித்து மீண்டும் களம் புகுவதற்கே பயிற்சி வேண்டும். தான் தோற்றது எதிராளியின் திறமையினாலேயே என்னும் நம்பிக்கை உள்ளவரை அவன் மீண்டும் வருவான். சதுரங்கப் பலகையில் இருதிறத்தார்க்கும் 16 காய்கள் வைக்கப்படுவதும், உதைபந்தாட்டத்தில் இடைவேளைக்குப் பின் பக்கம் மாறி ஆடப்படுவதும் இந்நம்பிக்கையைக் காத்தற்பொருட்டேயாம். உலகின் பல பாகங்களிலுமுள்ளோர் இணையத்தின்வழி ஒருங்குகூடி ஆடும் துப்பாக்கிப் போர் விளையாட்டுக்களும் இவ்விதிக்குப் புறம்பானவையல்ல. நம் மாணவர் பலர் தம் ஓய்வுப் பொழுதை இவற்றிற் கழிக்கின்றனராதலின், இவற்றின் நீதி எங்கே நிலைபெறுகின்றது, எங்கே குலைகின்றது என ஆராய்தல் பயனுடைத்து.

இவ்வாராய்ச்சியில் இரு பொருள்கள் இடம்பெறும். ஒன்று, விளையாட்டிலுள்ள வீரர்வகைகளுக்கிடையே பேணப்படும் சமநிலை. மற்றையது, விளையாட்டு வெளிவருமுன்னரே பணங்கட்டிப் பதிவோர்க்கு வழங்கப்படும் முற்பதிவுச் சன்மானம். முன்னையது ஆக்குவோர் தொழில். பின்னையது விற்போர் தந்திரம். எனினும் பின்னையது முன்னையதன் அடிப்படையையே அசைத்துவிடல் கூடும் என்பதை ஈண்டுக் காட்டுவாம்.

முதற்கண் வீரர்வகை என்பது யாதெனக் காண்பாம். தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நான்காக வகுத்தனர் முன்னோர். யானை கோட்டைக் கதவை முறிக்கும். ஆயின் குதிரையைத் துரத்திப் பிடிக்கமாட்டாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்தலாலேயே நான்குஞ் சேர்ந்து படையாயின. இக்காலத் திரை விளையாட்டுக்களும் இம்முறையையே பின்பற்றுகின்றன. வால்வ் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ரீம் போர்ட்றெஸ் 2’ என்பதில் ஒன்பது வீரர்வகைகள் உள. அவற்றுட் பேருடலுடைய இயந்திரத் துப்பாக்கி வீரனுக்கு உயிர்வலு 300. ஆனால் அவன் நடை பொதுவேகத்தில் நூற்றுக்கு 77 மாத்திரமே. விரைந்தோடும் சாரணனுக்கு வேகம் நூற்றுக்கு 133. உயிர்வலுவோ 125 தான். வைத்தியன் பேருடல் வீரனுக்குப் பின்னின்று அவன் உயிர்வலுவை 450 வரை உயர்த்த வல்லான். எனினும் தனித்து நின்று பொருவதில் எளியவன். ஒற்றனோ மாற்றுருக் கொண்டு புறத்தே வந்து ஒரே குத்தில் எவரையும் வீழ்த்துவான். முகத்துக்கு முகம் எதிர்ப்படின் விரைவில் மடிவான்.

சமநிலை என்பது அனைவரையும் ஒரே தன்மையராக்குதல் அன்று என்பது இதனாற் புலனாகும். அது மூன்று நிபந்தனைகளால் அமைவது. முதலாவது, ஒவ்வொரு வலிமைக்கும் ஒரு விலை இருத்தல் வேண்டும். அவ்விலை களத்திலேயே ஒரு மெலிவாகச் செலுத்தப்படல் வேண்டும். இரண்டாவது, எவ்வகைக்கும் அதனை எதிர்க்கத்தக்க வேறொரு வகை இருத்தல் வேண்டும். மூன்றாவது, எல்லா வகைகளும் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனை சொல்லாமலே அமைவதாகக் கருதப்படுதலின், அது மீறப்படும்போதும் பலர் அதனை உணர்வதில்லை.

இச்சமநிலை ஒருமுறை அமைத்தாற் போதும் என்பதுமன்று. பிளிசார்ட் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ‘ஓவர்வோச்’ என்னும் விளையாட்டில் அணிக்கு அறுவர் ஆடினர். 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் தேர்ந்த அணிகள் பல, தாக்குதற்கென அமைந்த வீரரை அறவே விடுத்து, காவல் வீரர் மூவரையும் துணை வீரர் மூவரையுமே கொண்டு வெற்றி பெற்று வந்தன. ஆட்டம் ஒரே வார்ப்பாயிற்று. அதன்பின் 2019இல், காவல், தாக்குதல், துணை என்னும் ஒவ்வொரு பிரிவிலும் இருவரே இடம்பெறலாம் என்ற விதி கொணரப்பட்டது. ஆக்குவோர் எத்துணை விழிப்புடன் இத்துலாக்கோலைத் தாங்கி நிற்றல் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி முற்பதிவுச் சன்மானத்தை நோக்குவாம். விளையாட்டுக்கள் தட்டுக்களாகக் கடைகளில் விற்கப்பட்ட காலத்தில், எத்தனை பிரதிகள் வேண்டும் என அறிதற்கு முற்பதிவு வணிகர்க்கு உதவிற்று. வாங்குவோர்க்கும் பிரதி தீர்ந்துபோகுமோ என்ற அச்சம் நீங்கிற்று. இணையத்தின்வழி இறக்கிக்கொள்ளும் பண்டமோ என்றுந் தீர்ந்துபோவதில்லை. ஆகவே வாங்குவோரை முந்தச் செய்தற்கு வேறொரு கவர்ச்சி வேண்டப்பட்டது. மதிப்புரைகள் வெளிவருமுன்னரே பணம் கைக்கு வருதல் விற்போர்க்கு ஆதாயம்; அவ்வாதாயத்தின் பொருட்டே சன்மானம் வழங்கப்படுகின்றது. இஃது ஒரு தொப்பியோ புத்தாடையோ ஆயின் கேடில்லை. படைக்கலமாயின் செய்தி வேறு.

இதற்குத் தக்க உதாரணம் ‘பற்றில்பீல்ட் 3’ என்பதாம். சுவீடன் நாட்டு டைஸ் நிறுவனத்தார் ஆக்க, எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் 2011 ஒக்டோபரில் வெளியிட்ட இவ்விளையாட்டில், கணினியில் 64 பேர் வரை ஒரே களத்தில் ஆடலாம். தாக்குவோர், பொறியியலாளர், துணைவர், வேவுகாரர் என வீரர் நால்வகையினர். ஒரு வகையில் நின்று ஆடிப் புள்ளிகள் ஈட்ட ஈட்ட, அவ்வகைக்குரிய படைக்கலங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்னர், முற்பதிவு செய்வோர்க்கு ஒரு படைக்கலப் பொதி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. துணைவர்க்குரிய ‘ரைப் 88’ என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கி, ஒருவகைச் சன்னத் துப்பாக்கிக்குரிய துளைக்கும் சிற்றம்புக் குண்டுகள், வேவுகாரரின் துப்பாக்கி சுடுகையில் எழும் ஒளியை மறைக்குங் குழல் என்பன அதில் அடங்கின.

இவற்றுள் இறுதியில் நின்றதனைச் சிறிது ஊன்றி நோக்குக. தொலைவில் மறைந்திருந்து சுடுவோனுக்குப் பெரும் வலிமை உண்டு. சுடும்போது எழும் ஒளி அவன் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்தல் அவ்வலிமைக்கு அவன் களத்திற் செலுத்தும் விலை. குழல் அவ்விலையைக் குறைக்கின்றது. குறைந்த அப்பங்கு களத்திலன்றிக் கடையிற் செலுத்தப்பட்டது. இவ்வாறு, முன்னர்க் கூறிய நிபந்தனைகளுள் முதலாவதும் மூன்றாவதும் ஒருங்கே மீறப்படுகின்றன.

2011 யூன் மாதத்தில் ஆட்டக்காரர் பலர் இதனைக் கண்டித்து, விளையாட்டையே வாங்காது புறக்கணிப்போம் என்றனர். இப்பொருள்கள் சமநிலையைக் குலைக்கும் அளவுக்கு வலியன அல்ல என்றும், பின்னர் யாவர்க்கும் கிடைக்கும் என்றும் நிறுவனத்தார் விடை கூறினர். அவ்விடை ஆராயத்தக்கது. கலம் வலிதன்று எனின், அதனைக் காட்டிப் பணம் பெறுதல் வாங்குவோனை ஏமாற்றுதலாம். வலிதாயின், வாங்காதவனை வஞ்சித்தலாம். இரண்டினுள் ஒன்று நிகழ்ந்தே தீரும். பின்னர் யாவர்க்கும் கிடைக்கும் என்பதும் முழு விடையாகாது. களத்தின் மூலைமுடுக்குக்களை யாவரும் புதிதாய்க் கற்கும் முதல் வாரங்களிலன்றோ சிறு ஏற்றமும் பெரிதாகின்றது?

நூறு மணிநேரம் ஆடியவனிடம் புதியவனிடமில்லாத கலங்கள் பல இருக்கின்றனவே, அஃது ஏற்றத்தாழ்வன்றோ எனச் சிலர் வினவுவர். ஏற்றத்தாழ்வே, அதுவும் மிகுமாயின் குற்றமே. ஆயினும் அவ்வேறுபாடு களத்தினுள்ளே பிறந்தது. புதியவனும் நடந்து அடையக்கூடிய வழி அது. பணத்தால் வந்ததோ களத்துக்குப் புறத்தே பிறந்தது. நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார் வள்ளுவர். தட்டில் ஏற்றும் பண்டம் எத்துணையும் ஆகுக. ஏற்றுமுன்னரே கோல் ஒருபுறம் சாய்ந்திருத்தல் ஆகாது. அச்சாய்வு சிறிதென்பது சமாதானமன்று. சிறிதாயினும், தோற்றவன் தன் பிழையைத் தேடாது மாற்றானின் பணத்தைத் தேடுவான். வென்றவனுக்குரிய புகழும் ஐயத்துக்கு இடமாகும். பயிற்சிக்கு வேராகிய நம்பிக்கை அங்கே அறுகின்றது.

இப்பாடம் 2017இல் மேலும் கடுமையாக உணர்த்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த ‘ஸ்ரார் வோர்ஸ் பற்றில்புரொன்ற் 2’ என்பதில், வீரரின் வலிமையைக் கூட்டும் அட்டைகள் அதிட்டப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. அப்பெட்டிகளைக் காசு கொடுத்தும் பெறலாம் என்பது ஏற்பாடு. விலைகூடிய பதிப்பை வாங்கியோர் மூன்று நாள் முன்னதாகவே களம் புகுந்தனர். புகழ்பெற்ற பாத்திரங்கள் சிலவற்றை அடைதற்கு 60,000 ஆட்ட நாணயங்கள் வேண்டியிருந்தன; எதிர்ப்பு எழவே அது 15,000 ஆயிற்று. வெளியீட்டுக்கு முதல்நாளாகிய நவம்பர் 16இல் காசு கொடுத்து வாங்கும் வழியே மூடப்பட்டது. 2018 மார்ச்சில், வலிமை ஆட்டத்தால் மட்டுமே வளரும் எனவும், காசுக்குத் தோற்ற அலங்காரமே கிடைக்கும் எனவும் முறை மாற்றப்பட்டது.

முன்வந்து நம்பியவனுக்கு நன்றி பாராட்டுதல் தவறன்று. அதனைச் செய்யும் வழியுமுண்டு. ‘ஓவர்வோச்’ முற்பதிவாளர்க்குக் கிடைத்தது ஒரு வீராங்கனைக்குரிய புதுக்கோலமே. கண்ணுக்கு விருந்தாயிற்று, எவருடைய வெற்றியையும் அது பறிக்கவில்லை.

ஆகவே இத்தகைய விளையாட்டுக்குப் பணங்கட்டுமுன் மாணவர் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே வினவுதல் நன்று. இச்சன்மானம் என் தோற்றத்தை மாற்றுமா, என் வலிமையைக் கூட்டுமா? வலிமையாயின், அதற்குரிய மெலிவு களத்தில் உண்டா? பணங்கட்டாதவனும் முதல்நாளே தன் ஆட்டத்தால் அதனை அடையும் வழி உண்டா? இவற்றிற்குத் தக்க விடை கிடையாதாயின், வாங்கப்படுவது படைக்கலமன்று. பிறனுடைய தோல்வியே என்க. விலைக்கு வாங்கிய வெற்றியில் மகிழப் பழகியவன், பரீட்சை மண்டபத்திலும் அலுவலகத்திலும் அத்தகைய வெற்றியையே தேடுவான். சமமாக நின்று தோற்றவனோ அடுத்த ஆட்டத்துக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டே களத்தை விட்டு நீங்குகின்றான்.