கல்விக் கடன்: படிக்கிற காலத்தில் வட்டி தூங்காது!



ஜூன், ஜூலை வந்தாலே எனக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான். "சார், தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. லோன் போடலாமா, இல்ல என் சேவிங்ஸை எடுத்துக் கட்டலாமா?" கேட்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க. சிலருக்குச் சொந்த கல்விக் கடனே இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும்.

பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன்.

2010-ல் என் தங்கச்சி கவுன்சிலிங்கில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தா. அப்பா ராயப்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் வேலை. நான் மயிலாப்பூரில் ஈவினிங் காலேஜில் பி.காம் முடிச்சுட்டு, தி.நகரில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிக்கிட்டு இருந்தேன். நாலு லட்சம் லோன் போட்டோம். வருஷத்துக்கு ஒரு லட்சம், 12 சதவீத வட்டி. "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் எதுவும் கட்ட வேண்டாம்"னு சொன்னது மட்டும்தான் எங்க காதில் விழுந்தது.

2015-ல் ஈஎம்ஐ ஆரம்பிக்கும்போது ஸ்டேட்மென்ட் வாங்கினோம். பாக்கி 5,68,000 ரூபாய். அப்பா அந்தத் தாளை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "நாலுதானேடா வாங்கினோம்?" அஞ்சு வருஷமா ஊரில் இருக்கிற கம்பெனிகளோட வட்டிக் கணக்கையெல்லாம் டிக் அடிச்சுக்கிட்டு இருந்த நான், எங்க வீட்டுக் கணக்கை ஒரு தடவைகூடப் பார்க்கல.

அதைவிட வலிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அதைக் கொஞ்சம் கீழே சொல்றேன்.

மொரட்டோரியம்னா என்ன?

இந்தியாவில் வங்கிகள் தரும் கல்விக் கடன் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரித் திட்டத்தைப் பின்பற்றித்தான் இருக்கும். படிப்புக் காலம், அதுக்கு மேல ஒரு வருஷம். இதுதான் மொரட்டோரியம். இந்தக் காலத்தில் ஈஎம்ஐ கிடையாது. ஆனா வட்டி உண்டு. தனி வட்டியா ஏறிக்கிட்டே போகும். மொரட்டோரியம் முடியும்போது அந்த வட்டி முழுசும் அசலோட சேர்ந்துடும். அதுக்கப்புறம் வட்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுவீங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மொத்தக் கடன் 6 லட்சம், வருஷா வருஷம் 1.5 லட்சமா நாலு தவணை. வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்குவோம்.

முதல் தவணைக்கு 5 வருஷ வட்டி: 75,000
ரெண்டாவதுக்கு 4 வருஷம்: 60,000
மூணாவதுக்கு 3 வருஷம்: 45,000
நாலாவதுக்கு 2 வருஷம்: 30,000
மொத்தம்: 2,10,000

ஆக, ஈஎம்ஐ ஆரம்பிக்கிற அன்னிக்கு உங்க கடன் 6 லட்சம் இல்ல, 8.10 லட்சம். பத்து வருஷத்தில் கட்டணும்னா மாசம் சுமார் 10,700 ரூபாய்.

இதையே படிக்கிற காலத்தில் வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா? முதல் வருஷம் மாசம் 1,250. ரெண்டாம் வருஷம் 2,500. மூணாம் வருஷம் 3,750. அப்புறம் ரெண்டு வருஷம் 5,000. கடைசியில் கடன் 6 லட்சமாகவே நிக்கும், ஈஎம்ஐ சுமார் 7,930. கட்டின வட்டியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் மொத்தத்தில் சுமார் 1.23 லட்சம் மிச்சம்.

படிக்கும்போதே வட்டி கட்டுறவங்களுக்கு 1 சதவீதம் வரைக்கும் வட்டிச் சலுகை தர அந்த மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கு. உங்க பேங்க் தருதான்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. தம்பிக்கு மாசம் 1,250 ரூபாய் வட்டி கட்டுறது ஒரு அண்ணனாலோ அக்காவாலோ முடியற விஷயம்தான். உங்க சேவிங்ஸ் முழுசையும் எடுத்து ஃபீஸ் கட்டணும்னு அவசியமில்ல.

லோனுக்கு முன்னாடி, திருப்பித் தர வேண்டாத பணம்

எங்க வீட்டில் நடந்த பெரிய தப்பு இங்கதான். வருஷத்துக்கு 4.5 லட்சம் வரைக்கும் குடும்ப வருமானம் உள்ள மாணவர்களுக்கு, தொழில்முறைப் படிப்புக் கடன்களில் மொரட்டோரியக் கால வட்டி முழுசையும் மத்திய அரசே கட்டுற திட்டம் 2009-10 கல்வி ஆண்டிலேயே வந்துடுச்சு. தங்கச்சி சேர்ந்தது 2010. அப்பா சம்பளம் அந்த வரம்புக்கு ரொம்பக் கீழ. வருமானச் சான்றிதழ் வாங்கி பேங்கில் கொடுத்திருந்தா அந்த 1,68,000 ரூபாய் எங்க தலையில் விழுந்திருக்காது. பேங்கில் யாரும் சொல்லல. நாங்களும் கேட்கல. 2015-ல் போய்க் கேட்டப்போ, "பழைய வருஷத்துக்கு இனிமே பண்ண முடியாது"ன்னு பதில்.

அதனால லோன் ஃபார்ம் வாங்கறதுக்கு முன்னாடி இந்த லிஸ்ட்டைப் பாருங்க.

*வட்டி மானியம்:* மேலே சொன்ன 4.5 லட்சம் வருமான வரம்புத் திட்டம் இப்பவும் இருக்கு. இதுக்குத் தகுதி இருந்தா நீங்க வட்டி கட்டத் தேவையில்ல, வருமானச் சான்றிதழைக் கொடுங்க போதும். கூடவே, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டம் இருக்கு. தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களில் சேர்றவங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாம கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்து, வேற அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ வாங்கலைன்னா, 10 லட்சம் வரையிலான கடனுக்கு மொரட்டோரியக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான், அதனால சீக்கிரம் அப்ளை பண்ணுங்க.

*முதல் பட்டதாரி சலுகை:* வீட்டில் முதல் பட்டதாரியா இருந்து, கவுன்சிலிங் மூலமா தொழில்முறைப் படிப்பில் சேர்ந்தா டியூஷன் ஃபீஸில் தமிழக அரசு சலுகை தருது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. எங்க வீட்டில் முதல் பட்டதாரி, பி.காம் படிச்ச நான். அதனால தங்கச்சிக்குக் கிடைக்கல!

*அரசுப் பள்ளி மாணவர்கள்:* 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் சேர்ந்தா, டியூஷன் ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசோடது. 6-ல் இருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு காலேஜ் முடியற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய்: பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

*காலேஜே தர்ற சலுகை:* நம்ம அடையாறு பக்கம் இருக்கிற ஐஐடி மெட்ராஸையே எடுத்துக்குங்க. பி.டெக் டியூஷன் ஃபீஸ் 2016-ல் வருஷத்துக்கு 90,000-ல் இருந்து 2 லட்சமா ஏறிச்சு. எல்லாரும் அந்த 2 லட்சத்தைப் பார்த்துதான் பயப்படறாங்க. ஆனா அப்பவே எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ உள்ளவங்களுக்கும் டியூஷன் ஃபீஸ் முழுசா தள்ளுபடி. 1-ல் இருந்து 5 லட்சம் வரை உள்ளவங்களுக்கு மூணில் ரெண்டு பங்கு தள்ளுபடின்னும் சேர்த்தே அறிவிச்சாங்க. போர்டில் இருக்கிற ஃபீஸும் நீங்க கட்டுற ஃபீஸும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

பட்ஜெட்: டியூஷன் ஃபீஸ் பாதிக் கதைதான்

ஒரு தாளில் எட்டு செமஸ்டருக்கும் எட்டு கட்டம் போடுங்க. ஒவ்வொண்ணிலும் டியூஷன், எக்ஸாம் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், பஸ், லேப்டாப், புத்தகம் எழுதுங்க. அப்புறம் மேல சொன்ன சலுகைகளைக் கழிங்க. மிச்சம் வர்றதுதான் உங்களுக்குத் தேவையான கடன். பேங்க் எவ்வளவு தரத் தயாரா இருக்குங்கறது வேற விஷயம்.

மாதிரித் திட்டப்படி, உள்நாட்டுப் படிப்புக்கு 4 லட்சம் வரைக்கும் முழுத் தொகையும் கடனா கிடைக்கும். அதுக்கு மேல போனா 5 சதவீதம் உங்க கையில் இருந்து போடணும். ஹாஸ்டல், லேப்டாப் செலவையும் லோனில் சேர்க்கலாம். ஆனா டீக்கடை, சினிமா, ஊருக்குப் போற டிக்கெட் இதெல்லாம் மாசா மாசம் ரொக்கமா வேணும். அதுக்கு வீட்டில் யார் எவ்வளவுன்னு முதல் நாளே பேசிடுங்க. பேசாம விட்டா, அது உங்க கிரெடிட் கார்டில்தான் வந்து நிக்கும்.

ஏற்கனவே ஈஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கீங்களா?

"80இ-யில் வரி மிச்சமாகுது சார், அதனால சீக்கிரம் அடைக்கல"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. கொஞ்சம் நில்லுங்க.

80இ-யில் கழிவு வட்டிக்கு மட்டும்தான், அசலுக்குக் கிடையாது. உச்சவரம்பு இல்ல. ஆனா கட்ட ஆரம்பிச்ச வருஷத்தில் இருந்து எட்டு வருஷம்தான். அதுவும் பழைய வரி முறையில் மட்டும். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்கறவருக்கு வேற வருமானம் இல்லைன்னா வரியே கிடையாது. அப்போ அவருக்கு 80இ-யால் என்ன லாபம்? ஒரு ரூபாய்கூட இல்ல. இல்லாத வரியை மிச்சம் பிடிக்க 10 சதவீத வட்டி கட்டிக்கிட்டு இருக்கார்.

இன்னொரு கண்ணி. உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு. இவங்க படிப்புக்கு எடுத்த கடனுக்குத்தான் இந்தக் கழிவு. தம்பி தங்கச்சி இந்த லிஸ்ட்டில் இல்ல! அவங்களுக்காக நீங்க உங்க பேரில் லோன் போட்டா 80இ கிடைக்காது. லோன் படிக்கிறவர் பேரிலேயே இருக்கட்டும்.

வட்டியை எப்படிக் குறைக்கலாம்? மேல பார்த்த அதே 8.10 லட்சத்துக்கு 10,700-க்குப் பதிலா மாசம் 15,000 கட்டினா, பத்து வருஷக் கடன் ஆறு வருஷத்தில் முடியும். சுமார் 2 லட்சம் மிச்சம்.

வேலை கிடைக்கத் தாமதமானா பேங்கை அவாய்ட் பண்ணாதீங்க. ஈஎம்ஐ தவறினா உங்க சிபில் மட்டுமில்ல, கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மா சிபிலும் சேர்ந்து அடிவாங்கும். முதல் ஈஎம்ஐ தேதிக்கு முன்னாடியே எழுத்து மூலமா அவகாசம் கேளுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒண்ணு, லோன் ஓடுதுன்னா இன்னிக்கே ஸ்டேட்மென்ட் எடுத்து, அசல் எவ்வளவு, ஏறின வட்டி எவ்வளவுன்னு தனித்தனியா பாருங்க. ரெண்டு, தம்பி தங்கச்சி படிக்கிறாங்கன்னா வருமானச் சான்றிதழ் பேங்கில் இருக்கான்னு கேளுங்க. மூணு, வட்டி மானியம் இல்லைன்னா வட்டித் தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்க.

எங்க கடனை 2020-ல் முடிச்சோம். தங்கச்சியும் நானும் பாதிப் பாதி. நோ ட்யூ சர்ட்டிஃபிகேட்டை அப்பா இன்னும் பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்திலேயே வெச்சிருக்கார்.

உங்க தம்பியோ தங்கச்சியோ இந்த வருஷம் சேர்றாங்கன்னா இதை அவங்களுக்கும் அனுப்புங்க, உட்கார்ந்து அந்த எட்டு கட்டத்தைச் சேர்ந்தே போடுங்க. அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.