எசுப்பானியப் பண்பாடு

எசுப்பானியப் பண்பாடு என்பது ஐரோப்பாவின் தென்மேற்கில் அமைந்துள்ள எசுப்பானியாவில் (ஸ்பெயின்) பல்வேறு காலங்களில் குடியேறிய மக்களின் மொழி, சமயம், தொழில், கலை ஆகியன கலந்து உருவான பண்பாடு ஆகும். இம்மக்களுள் யூதரும் இசுலாமியரும் பிற்காலத்தில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். எனினும் அவர்கள் விட்டுச்சென்றவை மொழியிலும் வேளாண்மையிலும் திருவிழாக்களிலும் இன்றும் காணப்படுகின்றன.

தொன்மைக் காலம்

ஐபீரியரும் கெல்ட்டியரும் இங்கு வாழ்ந்த தொல்குடிகள் ஆவர். கடல் வணிகர்களான பினீசியர் தென்கரையில் காதிசு நகரை நிறுவினர். கி.மு. 218 இல் வந்திறங்கிய உரோமானியருக்கு நாடு முழுவதையும் கைப்பற்ற ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. அவர்களுடைய இலத்தீன் மொழியிலிருந்தே எசுப்பானியம், காத்தலான், கலீசியம் ஆகிய மொழிகள் தோன்றின. வடக்கில் வழங்கும் பாசுக்கு மொழி உரோமானியர் வருகைக்கும் முற்பட்டது. பின்னர் ஆண்ட விசிகோத்துகள் தொலேதோவைத் தலைநகராகக் கொண்டனர். 589 இல் அங்கு கூடிய பேரவையில் இவ்வரசு கத்தோலிக்க சமயத்தை ஏற்றது.

இசுலாமியர் காலம்

711 இல் தாரிக் இப்னு சியாத் தலைமையில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த படை விசிகோத்துகளை வென்றது. இசுலாமியர் ஆண்ட பகுதி அல்-அந்தலூசு எனப்பட்டது. கோர்தோபாவின் பெரும் பள்ளிவாசலும் கிரானடாவின் அல்காம்பிரா அரண்மனையும் இக்காலத்தவை. நெல், கரும்பு, ஆரஞ்சு ஆகியவற்றின் பயிர்ச்செய்கை பரவியது. எசுப்பானிய மொழியில் அசூக்கார் (சர்க்கரை), அசேக்கியா (வாய்க்கால்) போன்ற பல சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. ஆரஞ்சைக் குறிக்கும் நரான்ஹா என்ற சொல்லும் அரபு வழியாக வந்ததே. இதன் மூலம் திராவிட மொழிகளில், தமிழின் நாரத்தை போன்ற ஒரு சொல்லில், இருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

வெளியேற்றம்

1492 சனவரியில் கிரானடா கிறித்தவ அரசர்களிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு, மதம் மாற மறுத்த யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். வெளியேறியோர் தம் பழைய எசுப்பானியப் பேச்சுமொழியை இலதினோ என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் காத்துவந்தனர். இவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க 2015 இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் 2019 இல் முடிவடைந்தது.

கட்டாய மதமாற்றத்துக்கு உட்பட்ட இசுலாமியர் மொரிசுக்கோக்கள் எனப்பட்டனர். 1609–1614 காலப்பகுதியில் அவர்களுள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். வாலென்சியாப் பகுதியில் பல ஊர்கள் ஆளின்றிப் போயின. ஆனால் இசுலாமியர் காலத்தில் விரிவாக்கப்பட்ட வாய்க்கால்கள் எஞ்சின. அவற்றின் நீர்ப்பங்கீட்டு வழக்குகளை விசாரிக்கும் நீர் நடுவர் மன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் வாலென்சியாப் பேராலய வாயிலில் கூடுகிறது. உழவர்களே நடுவர்கள், விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறும். இம்மன்றத்தை 2009 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உரோமா மக்கள்

வட இந்தியாவிலிருந்து புலம்பெயர்ந்த உரோமா மக்கள் 15ஆம் நூற்றாண்டில் எசுப்பானியாவை அடைந்தனர். 1749 இல் அரச ஆணைப்படி இவர்களுள் ஆயிரக்கணக்கானோர் சிறைப்பிடிக்கப்பட்டனர். இன்று நாட்டின் அடையாளமாகக் கருதப்படும் பிளமேன்கோ இசையும் நடனமும் அந்தலூசியாப் பகுதியில் இவர்களின் பெரும்பங்களிப்புடன் வளர்ந்தவை.

திருவிழாக்கள்

மூர்களும் கிறித்தவர்களும்: இது பழைய போர்களை நடித்துக்காட்டும் விழாவாகும். மூர்கள் என்பது இசுலாமியரைக் குறிக்கும். அல்கோய் நகரில் இவ்விழா ஏப்ரலில் புனித ஜோர்ஜ் நினைவாக மூன்று நாட்கள் நடைபெறும். 1276 இல் அல்-அசுராக் என்ற இசுலாமியத் தலைவர் நகரைத் தாக்கிய நிகழ்வே இதன் அடிப்படை. நகர மக்கள் 14 மூர் அணிகளாகவும் 14 கிறித்தவ அணிகளாகவும் பிரிந்து அணிவகுப்பர். நாடகக் கோட்டையை முதலில் மூர்களும் பின்னர் கிறித்தவர்களும் கைப்பற்றுவர். வெளியேற்றப்பட்ட மக்களின் உடையை அணிந்து, உள்ளூரார் ஆண்டுதோறும் பெருமையுடன் உலா வருவது இவ்விழாவின் சிறப்பாகும்.

புனித வாரம்: ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் செவீயா முதலிய நகரங்களில் இயேசு, மரியாள் திருவுருவங்கள் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படும். அப்போது மாடங்களிலிருந்து பாடப்படும் சயேத்தா என்னும் பக்திப் பாடலில் பிளமேன்கோ இசையின் சாயலைக் கேட்கலாம்.