மூன்றாம் தண்ணீர் வரை பொறுமை

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்பட்டிருக்கும். அதைக் கண்டவர்கள் உள்ளே நுழைய மாட்டார்கள். வெளியில் நின்றே நலம் விசாரித்துச் செல்வார்கள். முத்துகள் இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு வார்ப்பார்கள். அந்த முதல் தண்ணீருடன் கட்டுப்பாடு முடிந்துவிடாது. சில நாள் இடைவெளியில் இரண்டாம் தண்ணீர், பின்னர் மூன்றாம் தண்ணீர். அதன் பிறகே அம்மை கண்டவர் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் செல்வார். நோய் வருவது ஒரே நாளில் என்றாலும், விலகுவது படிப்படியாகத்தான் என்பதை நம் இல்லத்துப் பெரியோர் நன்கறிந்திருந்தனர்.

கொரோனா தொற்றின் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் அன்பர்களுக்கு நடை சாத்தப்பட்ட தமிழகத் திருக்கோயில்களும் அவ்வாறே படிப்படியாகத் திறந்தன. ஜூலையில் சிற்றூர்களின் சிறிய ஆலயங்கள், ஆகஸ்டில் மாநகரங்களின் சிறிய ஆலயங்கள், 2020 செப்டம்பர் 1 முதல் பெரிய திருத்தலங்கள் என மூன்று படிகள். ஐந்து மாதங்களுக்கு மேலாகக் கோபுரத்தை மட்டுமே தொலைவிலிருந்து கும்பிட்டு வந்த முதியோருக்கு இது பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆயினும் தொற்று அப்போது அகன்றிருக்கவில்லை. தடுப்பூசியும் கைக்கு வந்திருக்கவில்லை. ஆலயக் கதவு திறந்திருந்தது. நமக்குரிய மூன்றாம் தண்ணீர் அப்போது வார்க்கப்பட்டிருக்கவில்லை.

வழிபாட்டுத் தலங்களுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகள், 65 வயதைக் கடந்தோரும் நாட்பட்ட நோயுள்ளோரும் இயன்றவரை வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தின. காலையில் நீராடிச் சந்நிதியில் ஒரு நிமிடம் நின்றால்தான் அன்றைய நாளே தொடங்கும் என வாழ்ந்தவர்களுக்கு இது எளிதன்று. ஊரெல்லாம் தரிசனத்துக்குச் செல்கையில் தாம் மட்டும் ஒதுக்கப்பட்டோமோ என்ற வருத்தமும் எழலாம். அந்த வருத்தத்துக்கு நம் மரபே விடை வைத்திருக்கிறது.

நிற்காத பூஜை

இல்லத்தில் தமக்காகச் செய்யும் வழிபாட்டை ஆன்மார்த்தம் என்றும், ஆலயத்தில் நடைபெறும் வழிபாட்டைப் பரார்த்தம் என்றும் ஆகமங்கள் கூறும். பரார்த்தம் என்பது உலகத்தார் அனைவரின் நலனுக்காகவும் நிகழ்வது; வந்தவருக்கும் உண்டு, வர இயலாதவருக்கும் உண்டு. நடை சாத்தியிருந்த மாதங்களிலும் அர்ச்சகர்கள் நித்திய பூஜைகளைத் தொடர்ந்தது இதனால்தான். மே 4 அன்று மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்களின்றியே நடந்தேறியது. அதை இணையத்திலும் தொலைக்காட்சியிலும் கண்ட சுமங்கலிகள் தத்தம் இல்லங்களிலேயே திருமாங்கல்யக் கயிற்றை மாற்றிக்கொண்டனர்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நினையாமல் இருக்க முடியுமா? ஆலயம் எழுப்பப் பொருளின்றி மனத்துக்குள்ளேயே கல் அடுக்கி, கோபுரம் உயர்த்தி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி கட்டிய மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், அவன் குறித்த நாளை மாற்றச் சொல்லி, அன்று பூசலாரின் ஆலயத்தில் எழுந்தருளச் சென்றதாகப் பெரிய புராணம் சொல்கிறது. உடல் ஓரிடத்தில் இருக்க, உள்ளம் சந்நிதியில் நிற்பதை இறைவன் குறைவாகக் கொள்வதில்லை.

செல்வோர் கவனத்துக்கு

மருத்துவரின் அறிவுரை பெற்றும் குடும்பத்தினருடன் கலந்தும் செல்ல முடிவு செய்வோர் சிலவற்றை மனத்திற்கொள்வது நலம்.

இந்த நோய், மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நுண்துளிகளால் பரவுகிறது. காற்றோட்டம் குறைந்த, நெருக்கமான இடங்களில் ஆபத்து அதிகம். ஆகவே சந்நிதியில் வரிசை நீண்டிருந்தால் கொடிமரத்தருகே வணங்கி, திறந்த வெளிப் பிராகாரத்தை வலம் வந்து திரும்பலாம். ஆறடி இடைவெளி எங்கும் வேண்டும். முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடியிருக்க வேண்டும். ஸ்தோத்திரம் சொல்வதற்காக அதைக் கீழே இறக்குதல் கூடாது. பாசுரமும் பதிகமும் சிறிது காலம் மனத்துக்குள் ஒலிக்கட்டும்.

தீர்த்தமும் பிரசாதமும் அந்நாட்களில் வழங்கப்படவில்லை. "ஒரு சொட்டு மட்டும்" என அர்ச்சகரை வற்புறுத்தாதிருப்பதே நலமாக இருந்தது. நாள்தோறும் பலரை எதிர்கொள்ளும் அவர்களிலும் முதியோர் உண்டு. நந்தியின் காதில் வேண்டுதல் சொல்வதும், திருவுருவங்களைத் தொட்டு வணங்குவதும் பிறகு ஆகலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: கைகளில் தடவும் கிருமிநாசினி எளிதில் தீப்பற்றக்கூடியது. அது முற்றிலும் உலர்ந்த பின்னரே விளக்கேற்ற வேண்டும். உலர்ந்த பின்னரே கற்பூர ஆரத்தியின் அருகே கைகளை நீட்ட வேண்டும். வீட்டில் சோப்பும் தண்ணீருமே போதும். 20 விநாடிகள் தேய்த்துக் கழுவினால் நலம்.

வீட்டாரும் அண்டை அயலாரும்

முதியோர் வெளியே செல்லாவிடினும், வேலைக்கும் கடைக்கும் சென்று வருவோர் மூலம் தொற்று வீட்டுக்குள் வரக்கூடும். வாசலில் செம்பில் நீர் வைத்துக் கைகால் கழுவிய பின் உள்ளே வந்த பழைய வழக்கம் மீண்டும் இல்லந்தோறும் தழைக்கட்டும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், கற்பூரத்தின் மணமும் உணவின் சுவையும் தெரியாமற்போதல் ஆகியவற்றை மறைத்தல் கூடாது. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அண்டை வீட்டில் தொற்று கண்டால் ஏளனமும் விலக்கமும் வேண்டாம். அம்மை கண்ட வீட்டுக்குள் நுழையாத அதே மக்கள்தாம், இளநீரையும் மோரையும் அதன் வாசலில் வைத்துச் சென்றார்கள். விலகி நிற்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல.

புரட்டாசியில்

2020-இல் செப்டம்பர் 17 அன்று புரட்டாசி பிறந்தது. அன்றே மகாளய அமாவாசையும் கூடியது. நீர்த்துறைகளில் நெருக்கியடித்து நிற்பதை விட, இல்லத்திலேயே எள்ளும் நீரும் இறைத்துப் பித்ருக்களை வழிபடலாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில்களில் கூட்டம் பெருகும். முதியோர் வாரத்தின் நடுவே, கூட்டம் குறைந்த வேளையைத் தேர்ந்து சேவிக்கலாம். சனிக்கிழமையில் வீட்டிலேயே மாவிளக்கு ஏற்றித் துளசி சாற்றினால், அதுவும் வேங்கடவன் சந்நிதியே.

ஆலயத்தைச் சாத்திய நாட்களில் பொறுத்த நாம், திறந்த நாட்களிலும் சற்றுப் பொறுப்போம். அடுத்த ஆண்டுகளின் உற்சவங்களில் பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தேர்வடம் தொடுவதற்காகவே இந்தப் பொறுமை. எல்லாம் வல்ல இறைவன் அந்நாளை விரைந்து அருள்வானாக!