பத்தமடைப் பாயும் நம் வீட்டு நிக்காஹும்

உங்கள் இல்லத்தில் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தால், வாங்கவேண்டிய பொருள்களுள் பாயும் ஒன்றாயிருக்கும். (சீர் கேட்டு வாங்கும் தீய வழக்கத்தைப் பிறிதொரு முறை பேசுவோம்.)

மணிமுத்தாற்றின் நீரையும் ஏற்றுக்கொண்டு கிழக்கே பாயும் தாமிரபரணியின் வளநாட்டில், சேரன்மகாதேவியை அடுத்துள்ளது பத்தமடை. அங்கு லெப்பைக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்கின்றனர். தறியில் அமர்வோர் பெரும்பாலும் பெண்களே. பச்சைக் கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாக்குவர். ஊறல் குறைந்தால் இழை மெலியாது. பின்னர், தரையில் அமைந்த தறியில், பருத்தி அல்லது பட்டு நூற்பாவினூடே ஒவ்வோர் இழையாகச் செலுத்தவேண்டும். மணமக்களின் பெயர்களையும் நெய்து தருவர். உயர்ரகப் பாய் ஒன்று முடிய வாரங்கள் பல ஆகும். அது துணிபோல் மடியும்.

2012-13ஆம் ஆண்டில் இப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் குறியீடு அடுப்பெரிக்குமா? மலிவான பிளாஸ்டிக் பாயின் விலையைக் காட்டி இதற்கும் பேரம் பேசுகிறோம். நாம் குறைக்கும் தொகை அந்தச் சகோதரியின் கூலியிலிருந்தே போகிறது. உழைப்பவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நாம் அறியாதவர்களல்லர்.

எனவே, திருமணத்திற்குச் சில மாதங்கள் முன்பே, இயன்றால் நெய்பவரிடமே சொல்லிவையுங்கள். முன்பணம் கொடுங்கள், கோரையும் நூலும் வாங்கக் கடன்படாமல் இருப்பர். பட்டுப்பாய்க்கு வசதியில்லையெனில் முரட்டுக்கோரைப் பாய் வாங்கலாம். மக்தபில் பிள்ளைகள் அமர்ந்து ஓத அதுவே போதும்.