உயிர் காத்த முலாம்

சைக்கிளின் "ஹாண்டில் பார்" பளபள என்று மின்னுகிறது. அதற்குக் காரணம், அதன் மேல் பூசப்பட்ட குரோமிய முலாம்.

இதே முலாம் துப்பாக்கிக்கு உள்ளேயும் பூசப்படுகிறது. அங்கே அது அழகுக்காக அல்ல, உயிரைக் காப்பதற்காக!

வியட்நாமில் விபரீதம்

வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்க வீரர்களுக்கு, 1965-ம் ஆண்டு முதல் "எம்-16" என்ற புதிய துப்பாக்கி கொடுக்கப்பட்டது. எடை குறைவு, வேகமாகச் சுடும். "இதைச் சுத்தம் செய்யவே தேவை இல்லை" என்ற பேச்சும் பரவியது. துடைக்கும் கருவிகள் போதுமான அளவு வழங்கப்படவில்லை.

ஆனால், சண்டையின் நடுவே துப்பாக்கி நின்றுபோனது. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளே சிக்கிக்கொண்டது. குழாயின் முனை வழியாகக் கம்பியை விட்டு, அதைக் குத்தித் தள்ள வேண்டி இருந்தது. எதிரி சுடும்போது அதற்கு நேரம் ஏது?

பிரித்துப் போட்ட துப்பாக்கியின் அருகே வீரர்கள் பிணமாகக் கிடந்தார்கள் என்ற செய்தி வந்தது. 1967-ல் அமெரிக்க பாராளுமன்றக் குழு விசாரணை நடத்தியது.

ஏன் சிக்கியது?

தோட்டா வெடித்ததும் பித்தளைக் கூடு விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டும். மறுகணமே சுருங்கும். உடனே ஒரு கொக்கி அதை வெளியே இழுத்துப் போடும்.

சுவர் வழுவழுப்பாக இருந்தால் கூடு சுலபமாக வந்துவிடும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால்? துருப்பிடித்த கல்லில் தோசை ஒட்டுவதுபோல, கூடு பிடித்துக்கொள்ளும்.

வியட்நாமில் மழையும் ஈரக்காற்றும் அதிகம். அறை துருப்பிடித்தது. தோட்டாவில் மருந்தையும் மாற்றி இருந்தார்கள். அதனால் கரி அதிகமாகப் படிந்தது.

பழைய வித்தை

முலாம் பூசுவது புதிய வித்தை அல்ல. இரண்டாவது உலகப் போரிலேயே ஜப்பானியர்கள் தங்கள் "99-ம் ரக" துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் குரோமியம் பூசினார்கள். ரஷியாவின் "ஏ.கே.-47" துப்பாக்கியிலும் அது உண்டு.

1967-ல் அமெரிக்காவும் விழித்துக்கொண்டது. "எம்-16" துப்பாக்கியின் தோட்டா அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது. பின்னர் குழாய் முழுவதற்கும் பூசினார்கள்.

இந்த முலாம் தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் மிகவும் கடினமானது. துருவைத் தடுக்கும். கரி எளிதில் ஒட்டாது. வெப்பத்தால் குழாய் தேய்வதும் குறையும்.

படக்கதைப் பாடம்

முலாம் மட்டும் போதாது என்பதும் புரிந்தது. துடைக்கும் கருவிகள் தாராளமாக வழங்கப்பட்டன. துப்பாக்கியைப் பராமரிக்கும் முறையை விளக்கி, 1968-ல் ராணுவமே ஒரு படக்கதைப் புத்தகம் வெளியிட்டது!

துப்பாக்கி சிக்குவது வெகுவாகக் குறைந்தது. முலாம் பூசிய துப்பாக்கிக்கும் துணியும் எண்ணெயும் வேண்டும் என்பதே அந்தப் போர் கற்பித்த பாடம்.