ஆறில்லா நாட்டில் ‘றிவர்’

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் எம் சிறார் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளும் சொற்களுள் ‘றிவர்’ என்பதும் ஒன்று. ‘றிவர்’ என்றால் ஆறு. ஆசிரியர் சொன்னார், மாணாக்கர் எழுதினர், பாடம் முடிந்தது. ஆயின், யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளை அச்சொல்லைக் கேட்டதும் மனக்கண்ணில் எதனைக் காணும்? ஆண்டு முழுவதும் நன்னீர் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கு இல்லையே! ஆறில்லாத ஊரின் அழகைப்பற்றி ஔவையார் நல்வழியிற் கூறியது எமக்குச் சற்றுக் கசப்பானதுதான்.

ஆறு என்னும் பெயருக்கு மட்டும் குறைவில்லை. வழுக்கையாறு உண்டு. மாரியில் அது கந்தரோடைப் பக்கமாக ஓடி அராலியிற் கடனீரேரியைச் சேரும்; கோடையில் அதன் தடத்தில் மாடு மேயும். தொண்டைமானாறும் உண்டு, அதன் நீரையோ வாயில் வைக்க முடியாது. உப்பு ஏற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் அது என்பது மரபு. அதன் கரையிற் கோயில்கொண்ட செல்வச்சந்நிதி முருகனை அடியார் ‘ஆற்றங்கரையான்’ என்றே அழைப்பர். உப்பாறு தன் குணத்தைத் தன் பெயரிலேயே சொல்லிவிடுகின்றது. கடலோடு தொடர்புடைய இத்தகைய உவர்நீர்ப் பரப்பை ஆங்கிலத்தில் ‘லகூன்’ என்றே எழுதவேண்டும். ‘றிவர்’ என்றெழுதினாற் பிழை. தன் படுகையில் இயல்பாக ஓடிக் கடலையோ ஏரியையோ பிறிதோர் ஆற்றையோ சேரும் பெருநீரோட்டமே ‘றிவர்’. சிறியதாயின் அது ‘ஸ்ட்ரீம்’.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. இலத்தீனிலே ‘றீப்பா’ என்பது கரையைக் குறிக்கும். அதினின்று பிரெஞ்சு வழியாக வந்ததே ‘றிவர்’. அஃதாவது, நீரின் பெயர் கரையிலிருந்து பிறந்தது! வந்து சேர்தலைக் குறிக்கும் ‘அறைவ்’ என்ற சொல்லும் அதே வேரினதே. கரையை அடைதல் என்பது அதன் பழம்பொருள். தமிழில் ஆறு என்பது வழியையும் குறிக்கும் அன்றோ? இரு மொழியாரும் நீரையும் பயணத்தையும் அருகருகே வைத்தே எண்ணியிருக்கின்றனர்.

வழக்கிற் கவனிக்கவேண்டியவை சில. ஆற்றின் பெயருக்கு முன் ‘தி’ என்னும் சொல் வரவேண்டும். மாணாக்கர் பெரும்பாலும் மறப்பது இதனையே. ஆங்கிலேயர் ‘தி றிவர் தேம்ஸ்’ என்பர். அமெரிக்கர் ‘றிவர்’ என்பதைப் பெயருக்குப் பின்னே வைப்பர். 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கையை ‘மகாவலி கங்கா றிவர்’ என்று எழுதுவோர் ‘கங்கா’ என்ற சிங்களச் சொல்லே ஆற்றைக் குறிப்பதென அறியாதவர்.

இனி, இச்சொல் எம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற கதைக்கு வருவோம். 1954ஆம் ஆண்டிலே நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ‘எ றிவர் ஃபோர் ஜாஃப்னா’ என்பது அதன் பெயர். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு. (அவர் பெயரிலுள்ள ஆறு எண்தான்; ஆயினும் பொருத்தத்தைப் பாருங்கள்.) இத்தலைப்பை மாணாக்கர் சொற்சொல்லாகப் படித்தல் நன்று. இன்னும் இல்லாத ஆறு ஆதலின் ‘தி’ வரவில்லை, ‘எ’ வந்தது. யாழ்ப்பாணத்தில் உள்ள ஆறு அன்று, யாழ்ப்பாணத்துக்கு வேண்டிய ஆறு; ஆகவே ‘இன்’ அன்றி ‘ஃபோர்’.

திட்டம் இதுவே: வன்னியில் ஓடும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பியபின் எஞ்சும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்க்கின்றது. சுண்டிக்குளப் பக்கத்தில் அணையிட்டுக் கடலைத் தடுத்தால் அந்த ஏரி நன்னீராகும். முள்ளியானில் வாய்க்கால் வெட்டி அந்நீரை வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவரலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் உப்புநீரை வெளியே நிறுத்தும். நிலத்தடிச் சுண்ணக்கல்லில் ஊறும் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். ஏரி நன்னீரானாற் கிணறுகளும் தேறும்.

வேலை நடந்தது, ஆயினும் 1960களில் தொடங்கிய முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறாது நின்றது. சுண்டிக்குள அணையும் வெள்ளத்தால் உடைந்தது. பின்னாளில் இரணைமடுவிலிருந்து குழாய்வழி நீர் கொணர எண்ணியபோது, தம் வயல் வாடும் என்று கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். அவர்கள் அஞ்சியதிற் குறைகாண இயலாது. ஆங்கிலத்திற் போட்டியாளனை ‘றைவல்’ என்பர். ஒலி ஒத்திருப்பினும் அதன் வேர் வேறு. ஒரே ஓடையில் நீரெடுக்கும் அயலான் என்பதே இலத்தீனில் அதன் பொருள்.

2024ஆம் ஆண்டு வடமராட்சி கிழக்கிலே, தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.