தட்டு பழுதான இரவும் நம் கணக்குகளும்

பாவில் ஓர் இழை அறுந்தது கண்ணில் பட்டதும் நெசவாளர் எவரும் தறியை நிறுத்திவிடுவார். நிறுத்தாது நாடாவை ஓட்டினால் அறுந்த நுனி பக்கத்து இழைகளோடு சிக்கி, ஒன்று போன இடத்தில் பத்து போகும். இதை நம் அங்கத்தினர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நம் சங்கக் காரியாலயத்து மடிக்கணினியில் இதே நிலைமை நேர்ந்தபோது நாம் தறியை நிறுத்தவில்லை, ஓட்டினோம். அதன் பலனை அங்கத்தினர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. மறுநாள் சனிக்கிழமை, கூலி நாள். பட்டியலை முடித்துவிட வேண்டுமென்று நம் குமாஸ்தா அன்று மாலை வெகுநேரம் எக்ஸெல்லில் பதிந்துகொண்டிருந்தார். மின்சாரம் நின்றது. மடிக்கணினி என்றால் அதன் பாட்டரியில் ஓட வேண்டுமல்லவா? நம்முடையதில் பாட்டரி செத்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. மாற்றவேண்டுமென்று மூன்று நிர்வாகக் குழுக் கூட்டங்களில் பேசினோம், பேசியதோடு சரி. மின்சாரம் நின்றதும் யந்திரமும் நின்றது.

மின்சாரம் திரும்பியபின் திறந்தால் உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஓசை. அந்த ஓசையின் பொருளை அன்று நம்மில் யாரும் அறிந்திருக்கவில்லை. ஹார்டு டிஸ்க் என்பது பளபளப்பான வட்டத் தட்டு, காந்தப் பூச்சுள்ளது. மடிக்கணினியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும். அதன்மேல், தட்டைத் தொடாமல், எழுதவும் படிக்கவும் ஒரு சிறு முனை மிதந்து செல்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. முனை தன் இடத்தைக் கண்டுகொள்ள இயலாமல் மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும்போது எழுவதுதான் அந்த ஓசை. முனை தட்டில் உராய்ந்துவிட்டால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த எழுத்தை எந்த வல்லுநராலும் திருப்பித் தர இயலாது.

நாம் செய்ததோ, ஏழெட்டு முறை அணைத்து அணைத்துத் திறந்தது. அதுவும் போதாதென்று, நலம் விரும்பி ஒருவர் சொன்னபடி தட்டைச் சரிபார்த்துத் திருத்தும் நிரலை இரவு முழுவதும் ஓட்டினோம். நல்ல தட்டில் குளறுபடியான கோப்புகளைச் சீர்செய்ய அந்நிரல் பயன்படும். சாகும் தட்டிலோ அது ஓயாது படித்தும் எழுதியும் எஞ்சிய உயிரையும் வாங்கிவிடும். விடியற்காலையில் யந்திரம் தட்டையே அடையாளம் காணவில்லை. குளிர்பெட்டியில் வைத்து எடுக்கலாமென்று ஒருவர் சொன்னார். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் பனித்துவிடும்.

இறுதியில் சென்னைக்கு எடுத்துச் சென்றோம். தூசியற்ற அறையில் பெட்டியைத் திறந்து, அதே வகையைச் சேர்ந்த வேறொரு தட்டின் முனைகளைப் பொருத்தினார்கள். பின்னர் கோப்புகளைத் தேடவில்லை. முதலில் தட்டு முழுவதையும் வேறொரு நல்ல தட்டுக்குப் பிரதி எடுத்தார்கள். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகள் முதலில். அடம்பிடிக்கும் பகுதிகள் கடைசியில். தேடும் வேலை யாவும் பிரதியிலேயே நடந்தது. முனை இன்னும் ஓடும் தட்டாயின், இதே முறையில் பிரதி எடுக்க டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரல் உண்டு. மூன்று வாரம் ஆயிற்று. செலவு, புது மடிக்கணினி ஒன்றின் விலையில் பாதிக்கு மேல்.

பங்குப் பதிவேடும் சிக்கன நிதிப் பேரேடும் முழுமையாகக் கிடைத்தன. அன்று மாலை சேமிக்காமல் போன கூலிப் பட்டியலும் பெரும்பாலும் கிடைத்ததுதான் நமக்கு வியப்பு. எக்ஸெல் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே ஒரு மீட்புப் பிரதியை ஒதுக்கி வைக்கிறதாம். நல்ல தட்டாயிருந்தால் மீண்டும் திறந்தவுடனே அப்பிரதியை அதுவே முன்வைத்திருக்கும். ஆனால் அதையும் அதே தட்டில்தானே வைக்கிறது! விதை நெல்லைக் குதிரில் வைத்துவிட்டு, பாதுகாப்புக்கென்று இன்னொரு மூட்டையையும் அதே குதிரில் வைப்பது போலத்தான்.

கிடைக்காதவை, பயிரிடுவோர் கட்டிய நான்கு மாத விதைக் கடன் தவணைகளில் ஒரு பகுதி. பழைய கடிதங்களிலும் வேறொரு தொல்லை. கோப்புகள் பெயரிழந்து வெறும் எண்களோடு வந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாக இருந்தன. அவை பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவைத் தேடிப்பிடித்து ஏற்றியபின்பே தமிழாயின. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்னரும் நம் காரியாலயம் பழைய வழக்கத்தை விடாததன் தண்டனை இது.

தவணைக் கணக்கை எவ்வாறு மீட்டோம்? ரசீதுகளின் அடிக்கட்டைகளாலும் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களாலும். புத்தகத்தில் பதிந்து கையெழுத்து வாங்கியிருந்தவர்களின் கணக்கு ஒரே நாளில் முடிந்தது. பதியாதவர்களோடு இரண்டு மாதம் வாதம் நடந்தது. முதிய அங்கத்தினர் ஒருவர் சுருக்குப்பையிலிருந்து ஒவ்வொரு ரசீதாக எடுத்து மேஜைமேல் பரப்பினார்; அவருக்குக் கொடுக்கவேண்டியதை மறுக்க நம்மிடம் வாயில்லை. ரசீதைத் தொலைத்தவர்கள் என்ன செய்வார்கள்? சிலருடைய கணக்கில் நம் சொல்லை அவர்களும், அவர்கள் சொல்லை நாமும் நம்பித்தான் முடிக்க நேர்ந்தது.

இக்கடற்கரையில் சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை மண்ணை அரித்துக் கல்வெட்டு ஒன்றை வெளிப்படுத்தியதும், அதன் வழிகொண்டு அகழ்ந்த தொல்லியல் துறையினர் மண்ணுள் புதைந்த முருகன் கோயிலைக் கண்டதும் பலர் அறிந்ததே. கல்லில் வெட்டியது நூற்றாண்டுகள் மண்ணுள் கிடந்தும் படிக்க நின்றது. நம் தட்டு வாங்கி ஐந்தாண்டுகூட ஆகவில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29இல் ஒப்புதல் அளித்தது. அதில் சேர்ந்த சங்கங்களின் கணக்கு பொது மென்பொருளில் பதிவாகிறது. நெசவாளர் சங்கங்களுக்கு அத்திட்டம் பொருந்தாது. பொருந்தும் சங்கத்திலும் கடிதங்கள், பட்டியல்கள், புகைப்படங்கள் யாவும் மேஜை யந்திரத்திலேயே தங்குகின்றன.

இப்போது நம் காரியாலயத்தில் மாலை ஐந்து மணிக்கு அன்றைய கோப்புகள் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதியாகின்றன. அது இரும்புப் பெட்டிக்குப் போகிறது. சனிக்கிழமைதோறும் இன்னொன்றில் பிரதி எடுத்துப் பொருளாளர் தம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மாதம் ஒரு முறை பிரதியிலிருந்து ஒரு பேரேட்டைத் திறந்து பார்க்கிறோம். திறக்காத பிரதியை நம்பி ஏமாந்த சங்கங்கள் உண்டு. புதிய மடிக்கணினியில் சுழலும் தட்டே இல்லை, எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுதான். அது உறுதியானதென்கிறார்கள். ஆனால் பழுதாகும்போது ‘டிக், டிக்’ என்று எச்சரிக்கவும் செய்யாது. பாட்டரியும் மாற்றியாயிற்று.

பாஸ் புத்தகத்தில் பதிவு நிலுவையாயுள்ள அங்கத்தினர்கள் வரும் கூலி நாளன்று அதனைக் கொண்டுவந்தால், குமாஸ்தா அன்றே பதிந்து கையெழுத்திட்டுத் தருவார். ரசீது இருந்தால் அதையும் கொண்டுவருக.